மாத்திரை தீரப்போகிறது, ஊரோ புதிது

கேள்வி: வேலைக்காக வெளிநாடு வந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. மனச்சோர்வுக்காக மூன்று வருடமாக வென்லாஃபாக்சின் எக்ஸ்ஆர் 75 மி.கி. தினம் ஒன்று எடுத்துக்கொள்கிறேன். கொண்டுவந்ததில் 17 காப்சூல்தான் பாக்கி. ஊரில் பார்த்த மருத்துவரின் சீட்டை இங்கே மருந்துக் கடையில் வாங்க மறுத்துவிட்டார்கள். மனநல மருத்துவரிடம் கேட்டால் இரண்டு மாதம் கழித்துத்தான் நேரம் தருகிறார்கள். அதுவரை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்து ஓட்டலாமா? அம்மா கூரியரில் அனுப்புகிறேன் என்கிறார். அறைத்தோழி செர்ட்ராலின் எடுக்கிறாள், அவளிடம் கூடுதலாக இருக்கிறது, தருகிறேன் என்கிறாள். அண்ணனோ, இதையே சாக்காக வைத்து மருந்தை நிறுத்திவிடு என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

17 காப்சூல் என்றால் 17 நாள். ஒரு மருத்துவரைப் பார்த்து, சீட்டு வாங்கி, மருந்துக் கடைக்குப் போய்வர அது போதும். அதை 34 நாளாக இழுக்கப் பார்த்தால்தான் வம்பு. ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள் வேண்டாம். இதுவரை எப்படிச் சாப்பிட்டீர்களோ அப்படியே, தினமும் ஒன்று, அதே நேரத்துக்கு எடுங்கள்.

வென்லாஃபாக்சின் உடம்பில் அதிக நேரம் தங்காத மருந்து. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய சுமார் 5 மணி நேரம் போதும். கல்லீரல் அதை மாற்றி இன்னொரு பொருளை உண்டாக்குகிறது. அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது, அதற்குச் சுமார் 11 மணி நேரம். எக்ஸ்ஆர் காப்சூல் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடுவதால்தான் ஒரு நாளைக்கு ஒன்று என்பது கட்டுப்படியாகிறது. 48 மணி நேர இடைவெளியை அதால் தாங்க முடியாது. ஒவ்வொரு இரண்டாவது நாளும் அளவு கிட்டத்தட்ட அடிமட்டத்துக்குப் போய், மறுநாள் திரும்ப ஏறும். நீங்கள் பாதி டோஸ் எடுப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உடம்போ நாள்விட்டு நாள் மருந்தை நிறுத்திய நிலைக்குப் போய்வந்துகொண்டிருக்கும்.

அப்போது என்ன ஆகும் என்பதை ஏற்கெனவே ஒரு டோஸ் மறந்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். தலைசுற்றல், குமட்டல், காரணமில்லாத எரிச்சல், தூக்கத்தில் சினிமா மாதிரி கனவுகள். கண்ணைச் சட்டென்று ஒரு பக்கம் திருப்பும்போது தலைக்குள் மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு வெட்டு. இது பெரும்பாலும் ஆபத்தானதல்ல, ஆனால் புது வேலையில், புது ஊரில், இதோடு திண்டாட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. அழுகையும் பதற்றமும் சேர்ந்து வரும்போது, பழைய நோய்தான் திரும்பிவிட்டது என்று பயந்துவிடுவோம். மருந்து விட்டுப்போய் இரண்டு மூன்று நாளில் வந்து, திரும்ப எடுத்ததும் சீக்கிரம் அடங்குவது பெரும்பாலும் மருந்து விட்டதன் விளைவுதான். நோய் திரும்புவதாக இருந்தால் அது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல வரும்.

எல்லோருக்கும் இப்படி வரும் என்றில்லை. 2024-ல் லான்செட் சைக்கியாட்ரி என்ற மனநல மருத்துவ இதழில், பல ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது. மனச்சோர்வு மருந்தை நிறுத்தியவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்கு ஏதாவது ஓர் அறிகுறி இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுத்த, மருந்தில்லாத வெறும் மாவு மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேர் அப்படிச் சொன்னார்கள். கடுமையாக இருந்தது சுமார் 3 சதவீதம் பேருக்கு. ஆனால் அறிகுறிகள் அதிகக் கடுமையாக வரும் மருந்துகளின் பட்டியலில் உங்கள் வென்லாஃபாக்சினும் இருக்கிறது. ஃப்ளூஆக்செடின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தை எடுப்பவர் என்றால் இரண்டு நாள் விட்டாலும் ஒன்றும் தெரியாமல் போகலாம், அதன் எச்சம் உடம்பில் வாரக்கணக்கில்கூட நிற்கும். உங்களுக்கு அந்த வசதி இல்லை.

காப்சூலைத் திறந்து உள்ளே இருக்கும் குருணையைப் பாதியாகப் பிரிக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. சில கம்பெனிக் காப்சூலில் குருணை இருக்கும், சிலவற்றில் குட்டி மாத்திரைகள் இருக்கும். எதுவானாலும் நீங்களாக அளந்து பிரிக்காதீர்கள். நசுக்கினாலோ மென்றாலோ, நாள் முழுக்க இறங்க வேண்டியது ஒரே அடியாக இறங்கிவிடும்.

சரி, மருத்துவர் விஷயத்துக்கு வருவோம். மனநல மருத்துவர் கொடுத்த அந்த நேரத்தை ரத்து செய்யாதீர்கள். ஆனால் அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் மருந்தைத் தொடர்வதற்கு மனநல மருத்துவர் தேவையில்லை, பெரும்பாலான நாடுகளில் பொது மருத்துவரே எழுதித் தரலாம். வெளிநாடு போகும் நம் ஆட்கள் பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். எந்தக் கோளாறானாலும் நேரே சிறப்பு மருத்துவரிடம் போய்ப் பழகியவர்கள், குடும்ப மருத்துவர் என்ற வாசலைத் தட்டிப் பார்ப்பதே இல்லை. உங்கள் வீட்டுக்கு அருகே புது நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளும் பொது மருத்துவர் யார் என்று இன்றே தேடுங்கள். உங்கள் நிறுவனத்தின் காப்பீட்டு உதவி எண்ணிலும் கேட்கலாம். அந்த நாட்டில் பதிவுபெற்ற மருத்துவர்கள் நடத்தும் வீடியோ ஆலோசனையும் ஒரு வழிதான்.

எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் இரண்டு எடுத்துக்காட்டு மட்டும். ஜெர்மனியில் 116117 என்ற எண்ணில் அழைத்தால் மருத்துவரிடம் நேரம் பெறவும், வார இறுதியில் பணியில் இருக்கும் மருத்துவரைக் கண்டுபிடிக்கவும் உதவுவார்கள். இங்கிலாந்தில் அவசரமாக மருந்து தீர்ந்துபோனால் 111-ஐ அழைக்கலாம். பல நாடுகளில் இதுபோல ஏதாவது ஓர் எண் இருக்கும்.

தொலைபேசியில் எப்படிப் பேச்சைத் தொடங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். 'எனக்கு மனச்சோர்வு, மருத்துவரைப் பார்க்க வேண்டும்' என்று ஆரம்பித்தால் உங்களைப் புதிய நோயாளிகளின் வரிசையில் போட்டுவிடுவார்கள். 'மூன்று வருடமாக எடுக்கும் மருந்து, இந்தத் தேதியில் தீர்கிறது, திடீரென்று நிறுத்தக் கூடாத மருந்து, தொடர்வதற்குச் சீட்டு வேண்டும்' என்று சொல்லுங்கள். தேதி சொன்னால் வரவேற்பில் இருப்பவருக்கு அவசரம் புரியும்.

உங்கள் ஊர்ச் சீட்டை மருந்துக் கடையில் வாங்காததற்கு அவர்கள்மேல் வருத்தப்பட வேண்டாம், சட்டம் அப்படி. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓர் உறுப்பு நாட்டு மருத்துவரின் சீட்டு இன்னோர் உறுப்பு நாட்டில் செல்ல வேண்டும் என்று 2011-ம் வருட உத்தரவு இருக்கிறது. வெளியே இருந்து வரும் சீட்டுக்கு அந்த உரிமை இல்லை. அமெரிக்க மருந்துக் கடைகளும் பொதுவாக வெளிநாட்டுச் சீட்டுக்கு மருந்து தருவதில்லை. ஆனால் சீட்டாகச் செல்லாத அதே காகிதம் மருத்துவரிடம் நல்ல சாட்சி. அதனால் ஊரில் உங்களைப் பார்த்த மருத்துவரிடம் இந்த வாரமே ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள், கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து அனுப்பினால் போதும். எந்த நோய்க்கு, எப்போதிருந்து, இதற்கு முன் என்ன மருந்துகள் கொடுத்து ஏன் மாற்றினார், கூட வேறு என்ன எடுக்கிறீர்கள், ஒவ்வாமை ஏதும் உண்டா என்பதெல்லாம் அதில் வரட்டும். முன்பு பலிக்காத மருந்துகளின் பெயர் மிகவும் முக்கியம். அது இல்லையென்றால் புது மருத்துவர் நல்லெண்ணத்தோடு அதிலிருந்தே ஒன்றை எழுதக்கூடும்.

கடிதத்தில் மருந்தின் பெயர் எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். என் மேஜைக்கு வரும் குழப்பங்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது. கம்பெனி வைத்த பெயர் எல்லை தாண்டாது. வோர்டியாக்செடின் என்ற மனச்சோர்வு மருந்து அமெரிக்காவில் பிரின்டெலிக்ஸ் என்ற பெயரில் வந்தது. பிரிலின்டா என்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோடு அதைக் குழப்பிக்கொண்டார்கள் என்று 2016-ல் அங்கே மட்டும் டிரின்டெலிக்ஸ் என்று மாற்றினார்கள். ஐரோப்பாவில் இன்னும் பழைய பெயர்தான். ஒரே கம்பெனியின் ஒரே மருந்துக்கே இப்படி என்றால், நம் அட்டையில் இருக்கும் பெயரை யார் கண்டார்கள்? அதனால் ஜெனரிக் பெயர் (கம்பெனிப் பெயர் அல்ல, மருந்தின் பொதுப் பெயர்), எத்தனை மி.கி., மெதுவாக வெளிவிடும் வகையா சாதாரண வகையா, ஒரு நாளைக்கு எத்தனை என்ற நான்கும் இருக்க வேண்டும்.

மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உங்கள் அட்டையில் எக்ஸ்ஆர் என்று இருக்கிறது. இதே மருந்து இங்கிலாந்தில் எக்ஸ்எல் என்றும், ஜெர்மனியில் ரிடார்ட் என்றும் பெட்டியில் அச்சாகியிருக்கும். மூன்றும் ஒன்றுதான், பயப்பட வேண்டாம். ஆனால் இந்த எழுத்து எதுவுமே இல்லாமல் வெறும் வென்லாஃபாக்சின் 37.5 அல்லது 75 என்று மாத்திரை வந்தால், அது பெரும்பாலும் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறையாகப் பிரித்து எடுக்க வேண்டிய சாதாரண வகை. வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். பராக்செடின் என்ற மனச்சோர்வு மருந்தை எடுக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: மெதுவாக வெளிவிடும் வகையில் 12.5, 25 என்று இருப்பது சாதாரண வகையில் 10, 20 என்று வரும். எண் குறைந்துவிட்டதே என்று பதற வேண்டாம், இரண்டும் ஈடானவைதான்.

மருத்துவரிடம் போனால் பெரிதாக ஒன்றும் நடக்காது. காலி அட்டை, பெட்டி, கடிதம் எல்லாவற்றையும் மேஜையில் வையுங்கள். ரத்த அழுத்தம் பார்ப்பார், வென்லாஃபாக்சின் அதைக் கூட்டக்கூடும் என்பதால். சிலர் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளை நீட்டுவார்கள், கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, ஆர்வம் எல்லாம் எப்படி இருந்தன என்று கேட்கும். கடைசிக் கேள்வி, செத்துவிட்டால் தேவலை என்ற நினைப்பு வந்ததா என்பது. அதைப் பார்த்து மிரண்டு, எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மருத்துவரிடம் சொல்வது ரகசியம்தான், உங்கள் மேலாளருக்குப் போகாது. கடைசியில், எத்தனை நாளைக்கு எழுத முடியும் என்று நீங்களே கேளுங்கள். நிலையாக இருப்பவர்களுக்கு மூன்று மாதத்துக்கு எழுதும் மருத்துவர்களும் உண்டு.

இனி அம்மாவின் கூரியர். அன்புதான், ஆனால் நான் நம்பமாட்டேன். நீங்கள் உங்கள் பையில் கொண்டுபோவதற்கும், தபாலில் வருவதற்கும் பல நாடுகளில் தனித்தனிச் சட்டம். ஜெர்மனிக்குப் பயணி கையோடு சுமார் மூன்று மாதத் தேவைக்குக் கொண்டுபோகலாம். அதே மருந்தை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து ஒரு தனி மனிதருக்குத் தபாலில் அனுப்புவது பொதுவாகத் தடை. சுங்கத்தில் நின்றுவிட்டால் மருந்தும் போய், காத்திருந்த நாட்களும் போய்விடும். யாராவது தெரிந்தவர் வருகிறாரே, அவர் பையில் கொடுத்துவிடலாமே என்பதும் வேண்டாம். அடுத்தவர் பெயர் போட்ட மனநல மருந்தோடு அவர் சுங்கத்தில் மாட்டினால் என்ன பதில் சொல்வார்?

அறைத்தோழியின் செர்ட்ராலின். இரண்டும் மனச்சோர்வு மருந்துதான், ஆனால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது. வென்லாஃபாக்சின், மூளையில் உள்ள செரட்டோனின், நார்எபிநெஃப்ரின் என்ற இரண்டு ரசாயனங்களின் மேலும் வேலை செய்வது. செர்ட்ராலின் முக்கியமாக செரட்டோனின் மேல் மட்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது அளவைப் பார்த்து மாற்றுவதே மருத்துவருக்கு ஒரு வேலை. இரண்டையும் சேர்த்து விழுங்கினால் செரட்டோனின் அளவுக்கு மீறிக் கூடி, நடுக்கம், வியர்வை, படபடப்பு, காய்ச்சல் என்று மருத்துவமனை வரை கொண்டுபோகலாம். தோழியிடம் நன்றி சொல்லிவிடுங்கள்.

இதே காரணத்துக்காக, சீட்டு இல்லாமல் கடையில் கிடைப்பவற்றிலும் கவனம் வேண்டும். இருமல் சிரப்பில் டெக்ஸ்ட்ரோமெதார்ஃபான் இருக்கிறதா என்று பாருங்கள். வலிக்கு டிரமடால் யாராவது எழுதினால், வென்லாஃபாக்சின் எடுப்பதைச் சொல்லுங்கள். இதைவிட நான் அதிகம் கவலைப்படுவது செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையைப் பற்றி. ஐரோப்பாவில் 'மனதுக்கு இதம்' என்கிற தோரணையில் இதைக் கடைகளில் விற்கிறார்கள். மருந்து தீர்ந்த நேரத்தில், மூலிகைதானே என்று கை அங்கே போகும். அது செரட்டோனினைக் கூட்டும், கருத்தடை மாத்திரை உட்பட வேறு பல மருந்துகளின் வேலையைக் கெடுக்கும். அதை உங்கள் மருந்தோடு சேர்க்கவே கூடாது.

இணையத்தில் சீட்டு கேட்காமல் அனுப்புகிறோம் என்பவர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி விற்கும் இணைய மருந்துக் கடைகள் ஒரு பொதுச் சின்னத்தைக் காட்ட வேண்டும் என்று 2015 முதல் விதி இருக்கிறது. அதை அழுத்தினால் அந்த நாட்டு அரசின் பட்டியலில் அந்தக் கடையின் பெயர் வர வேண்டும். வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

அண்ணன் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, மூன்று வருடம் ஆகிவிட்டது, இனியும் வேண்டுமா என்று கேட்பது தப்பில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு அட்டையில் மிச்சமிருக்கும் எண்ணிக்கை பதில் சொல்லக் கூடாது. நிறுத்துவதென்றால் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், டோஸைப் படிப்படியாகக் குறைத்து, பக்கத்தில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் சமயத்தில் செய்ய வேண்டும். ஊர், வேலை, மொழி எல்லாம் ஒரே நேரத்தில் மாறியிருக்கும் இந்த மாதம் அதற்கு ஏற்ற மாதமா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். மனநல மருத்துவரைப் பார்க்கும்போது இதைப் பேசுங்கள்.

இனிமேல் கிளம்பப்போகும் வாசகர்களுக்குச் சில வார்த்தை. மனச்சோர்வு மருந்துகள் பெரும்பாலானவை மனநிலையை மாற்றும் பொருட்கள் பற்றிய 1971-ம் வருட ஐ.நா. ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் வருவதில்லை. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கூட எழுதித் தருகிற குளோனசிபாம், டயசிபாம், சோல்பிடெம் போன்றவை வருகின்றன. சில நாடுகளில் எஸ்சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்தையும் குளோனசிபாமையும் ஒரே மாத்திரையாகச் சேர்த்து விற்கிறார்கள். எடுப்பவருக்கு உள்ளே இரண்டு மருந்து இருப்பதே தெரியாது. அப்படி ஒரு மாத்திரையை, வெறும் மனச்சோர்வு மருந்து என்று நினைத்து விமானத்தில் ஏற்றிவிடாதீர்கள். அட்டையின் பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள், ஊரிலேயே மருத்துவரிடம் பிரித்து எழுதச் சொல்லுங்கள். ஷெங்கன் நாடுகளுக்குள், அதாவது எல்லைச் சோதனை இல்லாமல் போய்வரும் ஐரோப்பிய நாடுகளுக்குள், இப்படிக் கட்டுப்பாடான மருந்தைக் கொண்டுபோக 30 நாள் வரைக்கான ஒரு சான்றிதழ் முறை இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்பாடான மருந்துகளுக்கு அந்நாட்டு அரசின் இணைய அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். ஜப்பானில் சாதாரண மருந்துச் சீட்டு மருந்துகளே ஒரு மாதத்துக்கு மேல் என்றால் முன் அனுமதி வேண்டும். அமெரிக்காவுக்குப் பொதுவாக 90 நாள் அளவு. இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, கிளம்புவதற்கு முன் அந்தந்த நாட்டுத் தூதரகப் பக்கத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். எல்லாவற்றையும் கைப்பையில், கடையிலிருந்து வந்த பெட்டியோடு வையுங்கள். அப்புறம், மனச்சோர்வுக்காக பியுப்ரோபியான் என்ற மருந்தை எடுப்பவர்களுக்கு: இங்கிலாந்தில் அது புகைப்பழக்கத்தை விடுவதற்கு மட்டுமே உரிமம் பெற்ற மருந்து. மனச்சோர்வுக்கு என்று கேட்டால் மருத்துவர் யோசிப்பார், ஊர்க் கடிதம் இல்லாமல் போகாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு உங்களுக்கு 17 நாளுக்குள் சீட்டு கிடைக்காமல் போனால், ஐந்தாறு காப்சூல் மிச்சமிருக்கும்போதே மருத்துவமனையின் அவசரமல்லாத புறநோயாளிப் பிரிவுக்கோ, வார இறுதி மருத்துவரிடமோ நேரில் போய்விடுங்கள். ஒரு வாரத்துக்கு மட்டும் தாருங்கள் என்று கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. சில நாடுகளில் மருந்தாளுநரே அவசரத்துக்குச் சில நாள் மருந்து தர அதிகாரம் உண்டு, அதையும் கேட்டுப் பார்க்கலாம். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாக எடுக்க வேண்டாம், வழக்கம்போல ஒன்றுதான். சில நாட்களே விட்டுப்போயிருந்தாலும், எத்தனை நாள் என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் போய்விட்டால் குறைந்த டோஸிலிருந்து ஏற்றச் சொல்லக்கூடும். இடையில் உயிரை மாய்த்துக்கொள்ளும் நினைப்பு எட்டிப்பார்த்தால், சீட்டு, நேரம் எதற்கும் காத்திருக்காமல் அவசர எண்ணை அழையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் எங்கிருந்தாலும் 112. அமெரிக்காவில் இதற்கென்றே 988 இருக்கிறது.